எங்கள் ஊர் சைக்கிள் வழி: ஒரு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

ஒரு ரோட்டுக்கா ரிவ்யூ என்று கேட்பீர்கள். ஓட்டலுக்கு எழுதுகிறோம், மிக்ஸிக்கு எழுதுகிறோம், தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வருகிற வழிக்கு ஏன் எழுதக்கூடாது? இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் கிழக்குப் பக்கம், கரும்புக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். பள்ளிக்கூடம், சந்தை, மருந்துக்கடை, கோயில் என்று போய்வர 2024 நவம்பரில் பலகை நட்டு ஒரு சைக்கிள் வழி திறந்தார்கள். மொத்தம் 6 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். அன்றிலிருந்து வாரத்துக்கு ஐந்து நாள், சில வாரம் ஆறு நாள், அதில்தான் போய் வருகிறேன். நடுவில் ஒரு புயலும் ஒரு முழுக் கரும்பு வெட்டும் வந்து போய்விட்டன, அதனால் இப்போது எழுதினால் நியாயமாக இருக்கும். ஊர் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அப்புறம் சந்தையில் அதே முகங்களைப் பார்த்துத்தான் கீரை வாங்க வேண்டும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்த ரிவ்யூ யாருக்குப் பயன்படும் என்று தெரியும். காரைக்காலில் பிறந்தவள், கல்யாணமாகி இங்கே வந்து பதினாறு வருடம். வயதானவர்கள் வீட்டுக்குப் போய்ச் சமைத்து, குளிப்பாட்டி, மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு நாளைக்கு மூன்று வீடு, ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம். வீட்டில் கார் ஒன்றுதான், அதை அவர் விடிவதற்குள் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். லைசென்ஸுக்கு நானும் படித்தேன், எழுத்துத் தேர்வில் தேறினேன், ஓட்டிக் காட்டுவதில் இரண்டு முறை கோட்டை விட்டேன், போதும்டா சாமி என்று விட்டுவிட்டேன். என் சைக்கிள் பழசு, 90 யூரோ, ஏழு கியரில் ஐந்துதான் விழும், முன்னால் ஒரு கூடை. ஞாயிறு காலையில் இறுக்கமான சட்டை போட்டுக்கொண்டு தலைநகர் சேன் தெனி வரை பறந்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த ரிவ்யூவில் ஒன்றும் கிடைக்காது. கூடையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு (கிரியோலில் அதற்கு பிரேத் முரூங் என்று பேர், நம் முருங்கையேதான்) வேர்க்காமல் வேலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முன்னால் நான் போய்க்கொண்டிருந்த ரோட்டைச் சொல்ல வேண்டும். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை இங்கே கரும்பு வெட்டு. விவசாயிகள் டிராக்டரில் கொண்டுவந்து எடைமேடையில் கொட்டுவார்கள், அங்கிருந்து பெரிய கம்பிக்கூண்டு லாரி ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும். தீவில் மிச்சமிருப்பது இரண்டே சர்க்கரை ஆலை, எங்கள் பக்கத்துக்கு புவா-ரூழ், அந்தப் பக்கத்துக்கு கோல். அந்த லாரியை எல்லாரும் கஷலோ என்பார்கள், ஒரு ஜாதித் திமிங்கிலத்தின் பேர் அது. பேர் வைத்தவர் நிச்சயம் சைக்கிளில் போனவராகத்தான் இருப்பார். பின்னாலிருந்து வரும்போது முதலில் காற்று உங்களை ஓரத்துக்குத் தள்ளும், பாதி லாரி தாண்டியதும் அதே காற்று உள்பக்கம் இழுக்கும், இரண்டுக்கும் நடுவில் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும், கடைசியில் கூண்டிலிருந்து ஒரு முழக் கரும்பு நழுவி ரோட்டில் விழுந்து குதிக்கும். ஒரு தடவை அதன் மேல் என் முன்சக்கரம் ஏறிவிட்டது. முழங்கையில் தழும்பு இருக்கிறது, கேட்டால் காட்டுகிறேன்.

சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஊருக்குள் 1 மீட்டர், ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் இடம் விட்டுத்தான் சைக்கிளைத் தாண்ட வேண்டும், எதிரே ஆள் இல்லையென்றால் அதற்காக நடுக்கோட்டைத் தாண்டிக்கொள்ளக்கூட அனுமதி உண்டு. ஆனால் எதிரிலும் ஒரு கஷலோ வருகிறதே, அப்போது அந்த ஒன்றரை மீட்டர் வானத்திலிருந்தா வரும்? ஓட்டுநர் பள்ளியில் ஒரு கணக்கு சொல்லிக் கொடுப்பார்கள், இரண்டு முறை கோட்டை விட்டாலும் அது மட்டும் மறக்கவில்லை: வேகத்தின் பத்தாம் இடத்தை அதே எண்ணால் பெருக்கினால் வண்டி நிற்க எடுக்கும் தூரம் மீட்டரில் வரும். 50-க்கு ஐயைந்து 25, 80-க்கு எட்டெட்டு 64, ஈர ரோடு என்றால் இன்னும் பாதி கூட்டிக்கொள்ள வேண்டும். கிழக்குப் பக்கம் ரோடு காய்ந்திருக்கும் நாளை எண்ணிவிடலாம்.

சரி, வழிக்கு வருகிறேன். முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிவிட வேண்டும், நானும் அப்படித்தான் நினைத்தேன். புதிதாக ரோடு எதுவும் போடவில்லை. தார் ஊற்றவில்லை, ஓரத்தில் கல் பதிக்கவில்லை, ஒரே ஒரு இடத்தில்தான் கொஞ்சம் பெயின்ட். ஊரில் ஏற்கெனவே இருந்த, கார்க்காரர்களுக்கு அவசியமில்லாத சின்னச் சின்னத் தெருக்களையும் கரும்புக்கு நடுவில் போகிற ஒற்றைப் பாதைகளையும் கோத்து, எங்கே திரும்ப வேண்டும் என்று பலகை நட்டார்கள், அவ்வளவுதான். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று திறந்த அன்று என் வீட்டுக்காரர் கேட்டார். பதினாறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், கோயிலுக்குப் பின்னால் மூங்கில் பக்கம் இறங்கினால் நேராக மருந்துக்கடைத் தெருவுக்குப் போய்விடலாம் என்று எனக்குத் தெரியாது. பலகை சொன்ன பிறகுதான் தெரிந்தது. காரில் போகிறவருக்கு எப்படித் தெரியும்.

வழியின் நடுவில் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் பழைய ரயில் தடம். 1882-ல் சேன் பெனுவாவிலிருந்து தீவைச் சுற்றிக்கொண்டு சேன் பியேர் வரை ஒரு குட்டி ரயில் ஓட ஆரம்பித்தது, தண்டவாளங்களுக்கு நடுவே ஒரே மீட்டர் இடைவெளி, தி த்ரேன் என்று கிழவர்கள் இன்றும் செல்லமாகச் சொல்வார்கள். 1960-களின் தொடக்கத்தோடு அதன் கதை முடிந்தது. தண்டவாளம் போய்விட்டது, தடம் இருக்கிறது. ரயிலுக்கு ஏற்றம் ஆகாது என்பதால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ஒரே சீராகப் போட்டிருக்கிறார்கள், அதன் பலன் இப்போது என் முழங்காலுக்குக் கிடைக்கிறது. எரிமலை நிமிர்ந்து நிற்கிற தீவில் இப்படி ஒரு சமதளம் கிடைப்பது லேசில்லை. இரண்டு பக்கமும் கரும்பு, காலை ஆறரைக்கு அதன் நடுவில் போகும்போது தோகை உரசுகிற சத்தமும் என் செயின் சத்தமும் தவிர வேறு ஒன்றும் கேட்காது.

பலகைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், இந்த வழியே பலகைதான். வெள்ளைத் தகட்டில் பச்சை எழுத்து, பக்கத்தில் பச்சைச் சைக்கிள் படம், எங்கே போகிறது, எத்தனை கிலோமீட்டர். பிரான்சில் சைக்கிளுக்கு வழிகாட்டும் பலகை எங்கும் இப்படித்தான், காருக்கான பலகையோடு குழம்பாது. நீல வட்டத்தில் வெள்ளைச் சைக்கிள் இருந்தால் அந்தப் பாதையில் போயே ஆக வேண்டும், நீலச் சதுரமாக இருந்தால் விருப்பப்பட்டால் போகலாம்; இந்த வித்தியாசம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, என் வீட்டுக்காரர் உட்பட. ஒவ்வொரு திருப்பத்துக்கும் மூன்று பலகை வைத்திருக்கிறார்கள். திருப்பம் வருவதற்கு முன்னால் ஒன்று, திருப்பத்திலேயே ஒன்று, திரும்பிச் சில மீட்டர் போனபிறகு ஒன்று. இந்த மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. சரியாகத்தான் வந்திருக்கிறாய், போ, என்று பின்னாலிருந்து யாரோ சொல்கிற மாதிரி இருக்கும். ஒரே ஒரு இடத்தில், புதுக் குடியிருப்பைத் தாண்டியதும் இரண்டாகப் பிரிகிற இடத்தில், அந்த மூன்றாவது பலகை இல்லை. முதல் வாரம் அங்கே தவறிப்போய் ஒருத்தர் வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்து நின்றேன், அங்கே ஒரு ரோயால் பூர்போன் என்னை வரவேற்றது. பேரைப் பார்த்து உயர்ஜாதி நாய் என்று நினைத்துவிடாதீர்கள், தெருவில் திரியும் கலப்பு நாய்க்கு இந்தத் தீவு வைத்த கிண்டல் பேர்.

கிலோமீட்டருக்குக் கீழே சின்னதாக நிமிடமும் எழுதியிருக்கிறது. சந்தை 12 நிமிடம், பள்ளி 9 நிமிடம் என்று. இந்த நிமிடத்தை யார் ஓட்டி அளப்பது என்று ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்தது. இந்த வழிக்காகப் பாடுபட்ட சைக்கிள் சங்கத்தில் ஒரு பையன் அளந்து கொண்டுவந்தான், சந்தை 6 நிமிடம். அவன் போட்டிக்கு ஓட்டுகிறவன். அப்போது எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா, நாங்கள் எல்லாரும் தாந்தின், அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவோம், என் கூடையில் பூசணிக்காயை வைத்து நான் ஓட்டுகிறேன், நீ கடிகாரத்தைப் பார் என்றார். அவர் எடுத்த நேரம்தான் இன்று பலகையில் இருக்கிறது. பலகையில் இருப்பதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று எல்லாருக்கும் தினமும் ஒரு சந்தோஷம். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை இந்த வழியில் வேறு எதுவும் இல்லை என்பேன்.

இது உருவான கதையையும் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்கள் ஊரில் யாராவது செய்ய நினைத்தால் உதவும். ஏழெட்டு சனிக்கிழமை, சங்கத்துக்காரர்கள் கையில் சாக்பீஸோடு நடந்தார்கள். ஒவ்வொருவரும் தான் தினமும் போகிற இடத்துக்குத் தனக்குப் பயமில்லாத வழி எது என்று கோடு போட வேண்டும், எல்லாருடைய கோடும் எங்கே ஒன்று சேர்கிறதோ அதுவே வழி. ஒரு கூட்டத்தில், பெல்ஜியத்தில் இருந்துவிட்டு வந்த ஒருவர் ஊர்ப் பேரே வேண்டாம், சந்திப்புக்கு எண் கொடுத்தால் போதும் என்றார். அங்கே லிம்பர்க் மாகாணத்தில் 1995-ல் ஹூகோ பொல்லன் என்கிற சுரங்கப் பொறியாளர் தொடங்கிய முறையாம் அது, நிலக்கரிச் சுரங்கத்துக்குள் சந்திப்புகளை எண் வைத்து அடையாளம் காண்கிற வழக்கத்தை வெளியே சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். கேட்க அருமையாக இருந்தது, ஆனால் வலைபோல நூறு பாதை இருக்கிற நாட்டுக்கு அது சரி, ஒரே ஒரு வழி வைத்திருக்கும் எங்களுக்கு எதற்கு என்று தாந்தின் கேட்டதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. கடைசியில் மேரிக்கு, அதாவது நகராட்சிக்கு, கொண்டுபோனார்கள். ரோட்டில் பலகை நடுவதற்கு மேயரின் ஆணை வேண்டும், நாமாக ஒரு கம்பம் நட்டால் குற்றம். முதலில் பிளைவுட்டில் தற்காலிகப் பலகை வைத்து மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் தகட்டுக்குப் போனார்கள். அது நல்ல யோசனை, இரண்டு திருப்பம் அந்த மூன்று மாதத்தில் மாறியது.

இனி குறைகள்.

முதல் குறை சிரிப்பாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. பலகை நட்டது நவம்பரில், வெட்டு முடியப்போகிற நேரம், வயல் மொட்டையாக இருந்தது. கம்பம் எவ்வளவு உயரமாகத் தெரிந்தது தெரியுமா! மே மாதம் வந்தது, கரும்பு என்னைவிட உயரம், ரயில் தடத்தின் இரண்டு முனையிலும் பலகையைத் தோகை மூடிவிட்டது. ஒரு வாரம் இருந்தது, மறுவாரம் இல்லை. மூன்று தலைமுறையாகக் கரும்பு போடுகிற ஊரில் கரும்பு வளரும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இப்போது என் கூடையில் ஒரு சின்ன அரிவாள் இருக்கிறது, மருந்துப்பையும் அரிவாளுமாகப் போகிற என்னைப் பார்த்து போலீஸ்காரர் என்ன நினைப்பாரோ. இதைவிட முக்கியம், கரும்பு உயர்ந்துவிட்டால் முனையில் எதிரே வருகிற டிராக்டரும் தெரியாது, டிராக்டருக்கு நானும் தெரியமாட்டேன். அந்த இடத்தில் பெல் அடித்துக்கொண்டே போங்கள், வெட்கப்பட வேண்டாம்.

அப்புறம் புயல். 2025 பிப்ரவரி 28-ல் காரன்ஸ் வந்தது, 200 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. வெளியே வந்து பார்த்தபோது கம்பங்கள் பெரும்பாலும் நின்றன, அதைப் பாராட்ட வேண்டும், ஆனால் அம்புகள் கம்பத்தைச் சுற்றித் திரும்பிவிட்டன. மருந்துக்கடை என்ற பலகை கடலைக் காட்டியது, கோயில் என்ற பலகை வானத்தைக் காட்டியது, அது ஒருவகையில் சரிதான். உள்ளூர் ஆளுக்குப் பரவாயில்லை, புதிதாக வந்தவர் என்ன செய்வார்? திரும்பிய பலகை இல்லாத பலகையைவிட மோசம். சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. வீடு கூரை இழந்தவர்கள் இருந்த நேரம், பலகைக்கு வரிசை கடைசியில்தான் வரும், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் புயல் வருடாவருடம் வரும் இடத்தில், கம்பத்தில் துளை போட்டு ஊடே ஒரு போல்ட் மாட்டியிருந்தால் தகடு சுற்றியிருக்காது என்று பக்கத்து வீட்டு வெல்டர் அன்றே சொன்னார். இன்னும் மாட்டவில்லை.

ஓடையைக் கடக்கிற இடத்தில் பாலம் கிடையாது, ரதியேதான். நம் ஊர்த் தரைப்பாலம் மாதிரி, ஓடைப் படுகையிலேயே சிமென்ட் போட்டு விட்டிருப்பார்கள், மழை இல்லாத நாளில் மேலே போகலாம், மலையில் மழை பெய்தால் தண்ணீர் அதன் மேல் போகும். இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் கொட்டிக்கொண்டிருக்கும், திடீரென்று பழுப்புத் தண்ணீர் இறங்கும். கணுக்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள், சைக்கிளோடு இழுத்துவிடும். ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, ஆனால் அப்படியானால் வேறு எந்த வழியாகப் போவது என்று அது சொல்வதில்லை. மழைநாளில் 1.5 கிலோமீட்டர் சுற்றி மேல் பாலத்துக்குப் போக வேண்டும், நானே தேடிக் கண்டுபிடித்தேன். அதற்கும் ஒரு பச்சை அம்பு போட்டால் என்ன.

ஜூன் மாதத்தில் மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும். ரயில் தடத்தில் ஒரு விளக்கும் கிடையாது. மின்மினி மாதிரி ஒரு விளக்கு வைத்துக்கொண்டு போகாதீர்கள், நல்ல விளக்கு வாங்குங்கள். ஊருக்கு வெளியே இருட்டில் போனால் மின்னும் உடுப்பு போட வேண்டும் என்பது 2008-லிருந்து சட்டம். தொப்பி விஷயம் எங்கள் வீட்டில் தனிக் கதை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம், இல்லையென்றால் கூட்டிப்போகிற பெரியவருக்கு அபராதம், 2017-லிருந்து. என் மகள் பன்னிரண்டாவது பிறந்தநாள் அன்று கேக் வெட்டுவதற்கு முன்னால், அம்மா, இனிமேல் சட்டப்படி தேவையில்லை, என்றாள். சட்டம் தேவையில்லை என்றது, நான் தேவை என்கிறேன், வீட்டில் மேயர் நான்தான் என்றேன். இன்னும் போட்டுக்கொண்டுதான் போகிறாள், பள்ளிக்கு நூறு மீட்டர் முன்னால் கழற்றிப் பையில் வைத்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறேன்.

ஊர் நடுவில், தேவாலயத்துக்குப் பக்கத்துத் தெருவில், வழி ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் போகிறது. நுழையக்கூடாது என்கிற சிவப்புப் பலகை, கீழே சின்னதாக, சைக்கிள் நீங்கலாக. 30 கிலோமீட்டர் வேகத் தெருக்களில் பிரான்சு முழுவதும் இப்படி உண்டு. எனக்குக் காரைக்கால் புத்தி, முதல் மாதம் முழுவதும் அந்தத் தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். எதிரே வருகிற காரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு போவது உண்மையில் பயமில்லாத விஷயம், இருவருக்கும் மற்றவர் முகம் தெரிகிறது. பயம் எப்போதும் முதுகுப் பக்கத்திலிருந்துதான். அந்தத் தெரு முடிவில் பெயின்ட் அடித்த அந்த ஒரே பட்டை இருக்கிறது, சரியாகச் சீனர் மளிகைக்கடை வாசலில். சைக்கிள் பட்டையில் வண்டி நிறுத்தினால் 135 யூரோ அபராதம். ஒரு வெள்ளை வேன் அதில் குடியிருக்கிறது. அபராதச் சீட்டு அதன் கண்ணாடியில் ஒருநாளும் பார்த்ததில்லை.

இதெல்லாம் சில்லறை. மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரைதான் கொடுக்கிறேன், அதற்குக் காரணம் ரவுண்டானாதான்.

ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு பெரிய ரோடு போகிறது, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். வழி அங்கே வந்து சேரும்போது பச்சைப் பலகை திடீரென்று நின்றுவிடுகிறது. என் காலடியில் எண்ணினேன், ரவுண்டானாவுக்கு 80 காலடி முன்னால் கடைசிப் பலகை, தாண்டி 60 காலடி போனபிறகு அடுத்த பலகை. நடுவில் இருக்கிற 140 காலடிக்கு நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். ஏன் என்றால் அந்த ரோடு மேரியுடையது கிடையாது. ஊருக்குள் ஆணை போடும் அதிகாரம் மேயருக்கு உண்டு, ஆனால் அந்த ரோட்டில் ஒரு கல்லைப் பதிக்க, ஒரு மேடு கட்ட, ரோட்டுக்குச் சொந்தமான வேறு அலுவலகம் சம்மதிக்க வேண்டும். இவர் அவருக்குக் கடிதம் எழுதினார், அவர் பார்க்கிறோம் என்றார், அது பிளைவுட் காலத்துப் பேச்சு, தகடே துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

அங்கே என்ன நடக்கிறது என்று காலை ஏழு இருபதுக்கு வந்து நின்று பாருங்கள். இங்கே வலப்பக்கம் ஓட்டுவதால் ரவுண்டானாவைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், நம் ஊருக்கு எதிராகச் சுற்ற வேண்டும், உள்ளே சுற்றுகிறவருக்கே முன்னுரிமை, நுழைகிறவர் இடப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். நுழைகிற கார்க்காரர் இடப்பக்கம் பார்க்கிறார், ஆனால் காரைத் தேடுகிறார், என்னைத் தேடவில்லை. கண் என் மேல் பட்டுவிட்டு என்னைத் தாண்டிப் போவதை நான் பார்த்திருக்கிறேன், நேராக என் கண்ணைப் பார்த்துவிட்டு வண்டியை நகர்த்தினார் ஒருவர், பிரேக் போட்டதும் அவர் முகத்தில் எனக்கு மேலான பயம். அதிலிருந்து நான் சுற்றுவதை விட்டுவிட்டேன். இறங்கி, தள்ளிக்கொண்டு, நடப்பவர்களுக்கான வரிக்கோட்டில் கடக்கிறேன். அதுவும் சுகமில்லை. வரிக்கோடு வெளியேறும் வாயிலுக்கு ஒரு கார் நீளம் தள்ளித்தான் இருக்கிறது, ரவுண்டானாவை விட்டு வெளியே வருகிற வண்டி அந்த இடத்தில்தான் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும். இரண்டு தடத்துக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திண்டு கூடக் கிடையாது, ஒரே மூச்சில் கடக்க வேண்டும். நான் பார்த்துக்கொள்கிற ஒரு கிராமூன் (வயதானவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), வயது 84, தமிழில் சாமி, அம்மா, கற்பூரம் தவிர வேறு வார்த்தை தெரியாத மல்பார் பாட்டி (இங்கே தமிழ் வம்சாவளிக்காரர்களுக்கு அந்தப் பேர்), இந்த இடத்தைச் சொன்னாலே ஓத்தே, அதாவது அய்யோ, என்று நெஞ்சில் கைவைத்துக்கொள்வார். அவருடைய தங்கை வீடு அந்தப் பக்கம். நேராகப் போனால் 700 மீட்டர். போய்ப் பல மாதமாகிறது.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வரிக்கோட்டை ரோட்டிலிருந்து உயர்த்தி மேடையாகக் கட்டினால் வண்டி தானாக மெதுவாகும், அதை ரவுண்டானாவிலிருந்து இன்னொரு கார் நீளம் தள்ளினால் வெளியே வருகிறவருக்கு எங்களைப் பார்க்க நேரம் கிடைக்கும், நடுவில் சைக்கிள் நீளத்துக்கு ஒரு திண்டு. சைக்கிள் நீளம் என்பதைக் கவனியுங்கள், பல இடங்களில் ஆள் நிற்கிற அளவுக்குக் கட்டிவிட்டுப் பின்சக்கரத்தை ரோட்டில் விட்டுவிடுகிறார்கள். மூன்றையும் சங்கம் படமாகவே வரைந்து கொடுத்திருக்கிறது.

இந்த 140 காலடியால் என்ன ஆகிறதென்றால், பயமில்லாத 6 கிலோமீட்டரும் பாதியாகிவிடுகிறது. என் மகள் ரயில் தடத்தில் தனியாகப் போவாள், ஒருவழித் தெருவில் என்னைவிடத் தைரியமாகப் போவாள், ரதியேயில் தண்ணீர் வந்தால் திரும்பத் தெரியும். ஆனால் ரவுண்டானாவைத் தாண்டிவிட நான் போக வேண்டும், தினமும், போக வர 25 நிமிடம், அப்புறம் முதல் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக. தாண்டிவிட அம்மா வர முடியாத பிள்ளைகள் காரில் வருகிறார்கள், அந்தக் காரெல்லாம் அதே ரவுண்டானாவுக்குத்தான் வருகிறது. இது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

யாருக்குச் சிபாரிசு செய்வேன்? சந்தைக்கு, மருந்துக்கடைக்கு, கோயிலுக்குப் போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், அதெல்லாம் ரோட்டுக்கு இந்தப் பக்கம்தான், ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். கஷலோ காலத்தில் அந்தப் பெரிய ரோட்டில் போவதை நான் முழுக்க விட்டுவிட்டேன், சென்ற வெட்டுப் பருவம் முழுவதும் ஒரே ஒரு திமிங்கிலத்தைத்தான் பக்கத்தில் பார்த்தேன், அதுவும் அது நின்றுகொண்டிருந்தது, ஓட்டுநர் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைத் தனியாக அனுப்ப நினைக்கிறவர்களுக்கு இரண்டுதான், ரவுண்டானா சரியாகும்வரை. மேலே மலைச்சரிவில் இருக்கிறவர்களுக்கு இந்த வழி இன்னும் ஒன்றும் செய்யவில்லை, அங்கே மிதித்து ஏற பேட்டரி வைத்த சைக்கிள் வேண்டும், அது என் சைக்கிளைப்போல் பதினைந்து இருபது வாங்குகிற விலை. மொத்தத்தில் மூன்றரை.

முதல் தடவை போகிறவர்கள் சந்தைப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள், அந்தத் திசையில் பலகை தெளிவு. காலை எட்டுக்கு மேல் என்றால் நாய்கள் தூங்கிக்கொண்டிருக்கும். புதுக் குடியிருப்பு தாண்டிப் பிரிகிற இடத்தில் இடப்பக்கம், வலப்பக்கம் போனால் அந்தக் கொல்லை.

பின்சேர்க்கை: இதை எழுதி வைத்த மறுநாள் பிரிகிற இடத்தில் அந்த மூன்றாவது பலகையை யாரோ வைத்திருக்கிறார்கள், பிளைவுட், கையெழுத்து, பச்சை நெயில்பாலிஷ். மேயர் ஆணை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. தாந்தின் கைவிரலைப் பார்த்தேன், அதே பச்சை. வெள்ளை வேன் இன்றும் அங்கேதான் நின்றது.